சால்டரிங் அயர்ன் வாங்கப் போறீங்களா? வாட் மட்டும் பார்க்காதீங்க!

திருப்பூரில் 'அயர்ன்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பனியன் கம்பெனியின் அயர்னிங் டேபிள்தான். ஆனால், பல வீடுகளில் இப்போது இன்னொரு அயர்னும் தேவைப்படுகிறது. அறுந்துபோன ஹெட்போன் வயர், பிள்ளையின் ரிமோட் கார், தையல் மெஷினில் மாட்டிய எல்.இ.டி லைட், பள்ளியின் அடல் டிங்கரிங் லேபில் பார்த்துவிட்டு வந்து 'வீட்டிலும் செய்யணும்' என்று பிள்ளைகள் கேட்கும் ஆர்டினோ புராஜெக்ட்... எல்லாமே எப்போதாவது ஈயம் வைக்க வேண்டிய வேலைகள். இதற்கு எந்த சால்டரிங் அயர்ன் சரியாக இருக்கும்?

வாட் வேறு, சூடு வேறு

'25 வாட்டா, 60 வாட்டா?' கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வாட் கூடினால் சூடும் கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸை நினைத்துப் பாருங்கள். வாட் மாறுவதில்லை, குமிழைத் திருப்பினால் காட்டனுக்கு ஒரு சூடு, பாலியஸ்டருக்கு ஒரு சூடு. சூட்டை முடிவு செய்வது அந்தக் குமிழ். வாட் என்பது, எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொடுக்க முடியும் என்பதற்கான கணக்கு.

சாதாரண 25 வாட் அயர்னில் குமிழ் கிடையாது. சும்மா வைத்திருந்தால் முனை தேவைக்கு மேல் சூடேறும். தடித்த வயரில் வைத்தால் சட்டென ஆறிவிடும். குமிழே இல்லாத 60 வாட் அயர்னை மெல்லிய போர்டில் வைத்தால், செம்புக் கோடுகள் பெயர்ந்து வந்துவிடும். அதே 60 வாட், குமிழோடு வந்தால் இரண்டு சிக்கலும் குறைகிறது.

60/40 ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 190-ஐ ஒட்டி முழுதாக உருகிவிடும். ஆனால், பின்னும் போர்டும் சேர்ந்து சூடாக வேண்டும் என்பதால் முனைக்கு 320 முதல் 350 டிகிரி வரை வைப்பது வழக்கம்.

யாருக்கு எது?

வருடத்துக்கு நாலைந்து முறை வயர் ஒட்டுவதோடு சரி என்றால், சில நூறு ரூபாயில் கிடைக்கும் சோல்ட்ரான் போன்ற 25 வாட் அயர்ன் போதும். பிள்ளைகள் போர்டு, கிட் என்று இறங்கினால், கைப்பிடியிலேயே குமிழ் உள்ள 60 வாட் அயர்ன் நல்லது. பைன்சில் போன்ற டைப்-சி அயர்ன்கள் சீக்கிரம் சூடாகும்; ஆனால், சாதாரண மொபைல் சார்ஜர் பத்தாது, லேப்டாப்புக்கான பி.டி சார்ஜர் வேண்டும். எப்போதாவது செய்யும் வேலைக்குப் பெரிய ஸ்டேஷன் தேவையில்லை.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கரன்ட்டில் நேரடியாக மாட்டும் அயர்ன் என்றால் மூன்று முள் பிளக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் போர்டுக்கும் கைக்கும் வரலாம். மாற்று முனை தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய முனைகளில் செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். கறுத்துப்போனது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், முனையின் கதை முடிந்தது. வேலை முடிந்ததும் கொஞ்சம் ஈயத்தைப் பூசி வைத்தாலே நீண்ட நாள் உழைக்கும்.

பஞ்சு பக்கத்தில் வேண்டாம்

வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் முனை, பஞ்சுத் தூசி மேலோ கட்டிங் வேஸ்ட் மேலோ விழுந்தால் வெளியே தெரியாமல் கனன்று தீப்பிடிக்கும். அதனால் மெஷின் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். அயர்னை வைக்கக் கனமான ஸ்டாண்ட் அவசியம். கரன்ட் போனால் மறந்துவிடாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

முனையைத் துடைக்க ஈரமான பனியன் துணி நன்றாகவே உதவும். ஆனால், அது சுத்தமான காட்டனாக இருக்க வேண்டும். பாலியஸ்டர், லைக்ரா கலந்திருந்தால் உருகி முனையில் ஒட்டிக்கொள்ளும்.

எழும் புகை ஈயத்துடையது அல்ல, கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸுடையது. ஆனாலும் வீஸிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈயம் இல்லாத கம்பி நல்லது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், அங்கேயும் குமிழ் உள்ள அயர்ன்தான் கைகொடுக்கும்.

கையில் அயர்ன் வந்ததும் பவர் மெஷினின் மோட்டார் பாக்ஸையும் திறந்து பார்க்கத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே டி.சி-யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் பொருள்களில் கை பழகுங்கள். எப்போதாவது ஈயம் வைப்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான எல்லை.