லேடி மேக்பெத்தின் உறக்கம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’தைப் படித்தவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது: அவ்வளவு நெஞ்சழுத்தம் கொண்ட லேடி மேக்பெத், கடைசி அங்கத்தில் எப்படித் திடீரென்று சித்தம் கலங்கிப்போகிறாள்?

திடீரென்று இல்லை. மன்னன் டங்கனைக் கொல்லக் கணவனைத் தூண்டியவளே அவள்தான். ஆனாலும் கத்தியைத் தன் கையால் இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. உறங்கும் கிழவர் முகத்தில் அப்பாவின் சாயல் தெரிந்துவிட்டது. முதல் விரிசல் அங்கேதான். கொலை முடிந்து ரத்தக் கையோடு நடுங்கும் கணவனிடம், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும் என்கிறாள். இதையே நினைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றும் எச்சரிக்கிறாள்.

பாவத்தைச் சேர்ந்து செய்தவர்கள், அதன்பின் சேர்ந்து இருக்கவில்லை. நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏவியதை மேக்பெத் அவளிடம் சொல்லவே இல்லை. விருந்தில் பாங்க்வோவின் ஆவியைக் கண்டு கணவன் பதற, அவள்தான் எதையோ சொல்லிச் சமாளித்து விருந்தினரை அனுப்பிவைக்கிறாள். தனித்திருக்கும்போது, உங்களுக்குத் தூக்கம்தான் இல்லை என்கிறாள். அதற்குப் பிறகு ஐந்தாம் அங்கம் வரை அவள் மேடைக்கு வருவதில்லை. வரும்போது தூக்கத்தில் நடந்து வருகிறாள்.

அந்தக் காட்சியைக் கவனியுங்கள். கொலைக்கு முன் இருளை வா என்று அழைத்தவள், இப்போது எந்நேரமும் பக்கத்தில் விளக்கு எரியவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள். இல்லாத ரத்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். முன்பு செய்யுளில் கம்பீரமாகப் பேசியவளின் பேச்சு, துண்டு துண்டான உரைநடையாகச் சிதறுகிறது. டங்கன், பாங்க்வோ, கணவனின் எதிரி மக்டஃபின் மனைவி என்று, தான் நேரடியாகத் தொடாத சாவுகளும் அதில் வந்து கலக்கின்றன. மறைந்து நின்று பார்க்கும் மருத்துவர், இது என் வைத்தியத்துக்கு அடங்காது என்று கைவிரிக்கிறார்.

லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1785-இல் இந்த வேடமேற்ற சாரா சிடன்ஸ், கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தேய்த்தார். அதுவரை நடிகைகள் விளக்கைக் கீழே வைப்பது வழக்கமில்லை. கழுவும் தவிப்புதான் இங்கே எல்லாம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார்.

லேடி மேக்பெத்தின் இந்தக் கலக்கத்துக்குக் காரணம் பேயும் இல்லை, சாபமும் இல்லை. பகலெல்லாம் அடக்கிவைத்த குற்றவுணர்வு, பங்கிட்டுக்கொள்ள ஆளில்லாமல் இரவில் வாய் திறக்கிறது. அடுத்தமுறை நாடகத்தை எடுக்கும்போது இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியையும் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அதே கை, அதே தண்ணீர். கறை மட்டும் போகவில்லை.