மூணு நட்டு கார்: 2சிவி-யில இருந்து ஒரகடம் க்விட் வரைக்கும்

போன வாரம் எங்க அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துட்டு வந்தார். 2016 மாடல் ரெனால்ட் க்விட். புளியந்தோப்புல எங்க தெரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினோம். அவர் ஒரு வீலைக் கழட்டிட்டு சிரிச்சார். "பாருப்பா, மூணு நட்டுதான். மத்த கார்ல நாலு இருக்கும்."

அப்பா முகம் மாறிப்போச்சு. "காசு மிச்சம் பண்றதுக்கு நட்டுலயுமா கை வெச்சாங்க?"

கை வெச்சாங்கதான். ஆனா அது புதுசா வந்த பழக்கம் இல்ல. 1948-ல பாரிஸ் கண்காட்சியில வந்த சிட்ரோயன் 2சிவி-க்கும் மூணுதான். அதுக்குப் போட்டியா 1961-ல வந்த ரெனால்ட் 4-க்கும் மூணுதான். (பிரெஞ்சுக்காரங்க 'ரெனோ'ன்னுதான் சொல்வாங்க. நம்ம ஊர் வழக்கப்படி நான் ரெனால்ட்னே சொல்றேன்.) வண்டி எடை கம்மின்னா மூணு போல்ட்டே தாங்கும். அப்புறம் எதுக்கு நாலு? அந்த ஊர் சின்ன கார் இன்ஜினியர்கள் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டாங்க.

2சிவி-யோட ஆரம்பம் 1930-கள். சிட்ரோயன் திவாலாகி, டயர் கம்பெனி மிஷலின் கைக்குப் போயிருந்த நேரம். பியர் பூலாஞ்சே-ங்கிற நிர்வாகி தன்னோட டீமுக்கு ஒரு ஸ்பெக் கொடுத்தார். ரெண்டு விவசாயி, 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல். கூடவே, உழுத வயல் வழியா ஒரு கூடை முட்டையோட போனா ஒண்ணுகூட உடையக்கூடாது. நான் வேலையில பார்த்த எந்த ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டும் இவ்வளவு தெளிவா இருந்ததில்ல.

அந்த முட்டைக்காக அவங்க பண்ணின சஸ்பென்ஷன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. முன் வீலையும் அதே பக்கத்துப் பின் வீலையும், வண்டிக்கு அடியில படுக்கவெச்ச ஒரு உருளைக்குள்ள இருக்குற ஸ்பிரிங்குகள் மூலமா இணைச்சாங்க. முன் வீல் மேட்டுல ஏறினா, அந்த அசைவுல ஒரு பங்கு பின் வீலுக்குப் போகும். அதனால வண்டி மூக்கைத் தூக்காம மிதந்து போகும். மழைக்கு அப்புறம் எங்க ஏரியா ரோட்ல வண்டி ஓட்டினவங்களுக்கு இதோட அருமை புரியும்.

மத்த எல்லாத்தையும் குறைச்சாங்க. 375 சிசி, ரெண்டு சிலிண்டர், காத்துலயே குளிர்ற இன்ஜின். ரேடியேட்டரே கிடையாது. ஆரம்ப கால வண்டிகள்ல பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க டேங்க்ல குச்சி விடணும். வைப்பர், ஸ்பீடோமீட்டர் கேபிள்ல ஓடும். 1990 வரைக்கும் இதைத் தயாரிச்சாங்க. மெஹாரி மாதிரி பிளாஸ்டிக் பாடி வண்டி, வியட்நாம்ல சைகோன்ல செஞ்ச லா தலாத்னு கிளைகள் நிறைய. 2சிவி-யும் அதோட வேன்களும் மட்டும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல. ரெனால்ட் 4 இன்னும் அதிகம், 80 லட்சத்தைத் தாண்டுச்சு.

இந்த யோசனை 2004-ல ருமேனியாவுல டேசியா லோகனா திரும்ப வந்தது. நம்ம நாட்டுல அதை மஹிந்திரா கூட சேர்ந்து வித்தாங்க, பெருசா ஓடல. ஆனா அந்த மலிவு கார் திட்டத்துல முக்கியமான ஆளா இருந்த ஜெரார் டெடூர்பே சென்னைக்கு வந்தார். இங்கயே ஒரு டீமை வெச்சு, வெள்ளைத் தாள்ல இருந்து ஆரம்பிச்ச கார்தான் க்விட். ஒரகடத்துல தயாரிப்பு. 2015 செப்டம்பர்ல விலை 2.57 லட்சத்துல ஆரம்பிச்சது. 799 சிசி இன்ஜின், ஒத்த வைப்பர், வீலுக்கு மூணு நட்டு. அடிப்படை மாடல்ல இடது பக்க கண்ணாடிகூட கிடையாது.

இதுவரைக்கும் நானும் கைதட்டுவேன். 2016-ல குளோபல் என்கேப் க்விட்டை 64 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பார்த்தாங்க. மூணு வகை வண்டி, அதுல ஒண்ணுல ஏர்பேக் இருந்தது. மூணுக்கும் பூஜ்யம் ஸ்டார். கூடு உறுதியா இல்லன்னா ஏர்பேக் மட்டும் காப்பாத்தாது. உள்ள இருக்குறவங்களுக்கான இடமே நசுங்கிடும். கொஞ்சம் மாத்தின பிறகு அதே வருஷம் ஒரு ஸ்டார் வந்தது. ஆனா அடுத்த வருஷம் பிரேசில்ல தயாரிச்ச க்விட், பலப்படுத்தின பாடி, நாலு ஏர்பேக்கோட லத்தீன் என்கேப்ல மூணு ஸ்டார் வாங்குச்சு. பேரும் டிசைனும் அதேதான். அப்போ டிசைன்ல முடியாத விஷயம் இல்ல இது. நமக்கு எது போதும்னு யாரோ கணக்குப் போட்டிருக்காங்க. நட்டைக் குறைச்சது இன்ஜினியரிங். இதை அந்தப் பேர்ல கூப்பிட எனக்கு மனசு வரல.

பூலாஞ்சே காலத்துல கிராஷ் டெஸ்ட் ஸ்டாரே கிடையாது, அவரை மன்னிச்சிடலாம். 2016-ல அந்தச் சாக்கு செல்லாது.

இதே க்விட்டோட எலெக்ட்ரிக் கிளை சீனாவுல தயாராகி, டேசியா ஸ்பிரிங்ங்கிற பேர்ல ஐரோப்பாவுக்குப் போச்சு. 2021-ல யூரோ என்கேப்ல ஒரே ஸ்டார். சிட்ரோயனும் இப்போ நம்ம பக்கம்தான், திருவள்ளூர்ல சி3 செய்றாங்க. அதோட எலெக்ட்ரிக் வண்டியை 2024-ல எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல இருந்து இந்தோனேசியாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. அதே வருஷம் குளோபல் என்கேப் டெஸ்ட்ல, பெரியவங்க பாதுகாப்புக்கு அந்த வண்டிக்கும் பூஜ்யம்.

அப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "அப்போ வாங்கலாமா, வேண்டாமா?" இந்த வண்டி வேண்டாம்னேன். க்விட்டே வேணும்னா 2022-க்கு அப்புறம் தயாரானதா பாருங்க, முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமான பிறகு வந்தது. ஆர்சி புக்ல தயாரிப்பு மாசம் போட்டிருக்கும், டீலர் சொல்ற மாடல் வருஷத்தை நம்பாதீங்க. விலை கூட ஆகும்னார். ஆகும். சண்டே திரும்பவும் பார்க்கப் போறோம்.