இருகம்பித் தொடர்ப் பாதையின் நிறையும் குறையும்

இலத்திரன் கருவியொன்றின் பெட்டியைத் திறந்து நோக்குவார்க்கு, ஒரே பலகையின்மீது பல ஒருங்கிணைந்த சுற்றுக்கள் கால்பரப்பி நிற்பது புலனாகும். இவை தம்முட் செய்தி பரிமாறத் தனித்தனிக் கம்பிகளை வேண்டுமாயின், பலகை முழுவதும் கம்பியாகவே முடியும். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே 1982 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் ‘ஐ-டூ-சி’ எனும் முறையை வகுத்தனர். தரவுக்கு ஒரு கம்பி, துடிப்புக்கு ஒரு கம்பி, இரண்டே போதும். (நிலக்கம்பி இவ்வெண்ணிக்கையிற் சேர்வதில்லை, எனினும் அதுவின்றி எதுவும் நடவாது.)

ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு துவித இலக்கங்களாலான முகவரி உண்டு. அவ்வாறு அமையும் 128 முகவரிகளுள் 16 சிறப்புப் பயனுக்கென ஒதுக்கப்பட்டவை, எஞ்சுவன 112. தலைமைச் சுற்று முகவரியொன்றை அழைக்க, அதற்குரிய சுற்று ஒன்பதாந் துடிப்பில் தரவுக் கம்பியைத் தாழ்த்தி ‘உளேன்’ என விடையிறுக்கும். மாற்றவியலாத ஒரே முகவரியுடைய இரு சுற்றுக்களை ஒரு பாதையில் இணைத்தால் இரண்டும் ஒருங்கே விடையிறுத்துக் குழப்பம் விளைக்கும்.

இம்முறையின் உயிர்நிலை வேறிடத்தில் உளது. பொதுவாக எச்சுற்றும் கம்பியைத் தானே உயர்த்துவதில்லை. தாழ்த்தவும் விடவுமே வல்லது. விட்ட கம்பியை உயர்த்துவது மின்வழங்கியோடு இணைத்த தடையொன்றே. ஆகவே ஒன்று தாழ்த்த மற்றொன்று விட்டாலும் கம்பி தாழ்ந்தே நிற்கும்; குறுஞ்சுற்று நேராது. இரு தலைமைச் சுற்றுக்கள் ஒருங்கே பேசத் தொடங்கினால், தான் விட்ட கம்பி தாழ்ந்திருக்கக் காண்பது தானே விலகிவிடும். வென்றதன் செய்தியில் ஓரிலக்கமும் சிதையாது. மாந்தர் அவைகளிலுங் காண்டற்கரிய நாகரிகம் இது!

ஆயினும் குறைகளும் அவ்வூற்றினின்றே பிறக்கின்றன. தடைவழியே கம்பி மெல்லவே உயரும். கம்பி நீண்டும் சுற்றுக்கள் மிகுந்தும் கொள்ளளவம் பெருகின், அவ்வுயர்ச்சி மேலுந் தாமதிக்கும். அதனாற் பாதையின் கொள்ளளவத்துக்கு 400 பிக்கோபரட்டு என எல்லை விதித்தனர். தடையைக் குறைப்பின் விரைவு கூடும், மின்செலவும் உடன்கூடும். தொடக்கத்திற் செக்கனுக்கு 100,000 இலக்கங்களாயிருந்த வேகம் 1992 இல் 400,000 ஆயிற்று. பலகைக்குள் இது போதியது. அறைக்கு அறை செய்தி அனுப்ப இதனை நாடுவது பிழை.

இன்னுமொரு குறை கொடியது. வாசிப்பின் நடுவே தலைமைச் சுற்று மட்டும் மீளத் தொடங்கின், 0 எனும் இலக்கத்தைத் தந்துகொண்டிருந்த சுற்று, அடுத்த துடிப்பு வரும்வரை தரவுக் கம்பியைத் தாழ்த்தியே நிற்கும். தலைமையோ கம்பி ஓய்வதற்குக் காத்திருக்கும். ஒன்றையொன்று காத்துப் பாதையே உறைந்துவிடும். ஒன்பது துடிப்புக்களை அனுப்பி அச்சுற்றை விடுவிப்பதே விதிநூல் கூறும் பரிகாரம். ஆணைத்தொடர் எழுதுவோர் இதனை மறப்பின், மின்னை நிறுத்தி மீண்டும் ஏற்றினாலன்றி அக்கருவி எழாது.