அட்வான்ஸ் வாங்காதவங்களுக்கு மட்டும் சம்பளம் ஏன் குறைஞ்சது?

இன்னைக்கு எபிசோட் எங்க ஊரு சேவூர்ல நடந்த கதை. தெரிஞ்ச பனியன் கம்பெனி ஒண்ணு. பீஸ் ரேட் கணக்குக்கு யாரோ எப்பவோ பிஎச்பில எழுதின சாஃப்ட்வேர். எழுதினவர் இப்ப எங்க இருக்கார்னே தெரியல. கோடு மட்டும் என் தலைல.

சனிக்கிழமை சாயந்திரம் போன். ஓவர்லாக் ஓட்டற அக்கா நோட்டுல 1,840 பீஸ், திரையில 920. "நீங்க தப்பா எண்ணிருப்பீங்க"ன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். அந்த அக்கா அழாத குறை. வாடகை, மளிகை எல்லாமே அந்த வாரச் சம்பளத்துலதாங்க.

யாருக்கெல்லாம் குறையுதுன்னு முதல்ல பார்த்தேன். அட்வான்ஸ் வாங்காதவங்களுக்கு மட்டும், அதுவும் வியாழக்கிழமையில இருந்து. புதன் ராத்திரி சர்வர் மாத்தியிருந்தாங்க.

அங்கதான் பிடி கிடைச்சது. அட்வான்ஸ் இல்லைன்னா அந்தக் கட்டம் காலியா போகும். டேட்டாபேஸ்ல அது எண் காலம். பழைய மைஎஸ்கியூஎல், காலி எழுத்தை 0-ன்னு எடுத்துக்கிட்டு வெறும் வார்னிங்கோட விட்டுடும். 2015-ல வந்த 5.7-ல இருந்து ஸ்ட்ரிக்ட் மோட் டீஃபால்ட். பிழை எண் 1366 சொல்லி அப்டேட்டையே மறுத்துடும். அட்வான்ஸ் மட்டும் இல்ல, அதே வரியில இருக்கற பீஸ் கணக்கும் ஏறாது.

ஆனா திரையில "சேவ் ஆகிடுச்சு"ன்னு வந்ததே? குவெரி என்ன பதில் தந்துச்சுன்னு பார்க்காமலே அந்த வாசகத்தைக் காட்டற மாதிரி எழுதியிருந்தார். சர்வர்ல பிஎச்பி 7.4. மைஎஸ்கியூஎல்ஐ தானா எக்செப்ஷன் வீசறது 2021-ல வந்த 8.1-ல இருந்துதான். அதுக்கு முன்னாடி நாமதான் மைஎஸ்கியூஎல்ஐ ரிப்போர்ட்டை ஆன் பண்ணணும். நான் அந்த ஒரு வரியைப் போட்டதும் பிழை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

நெட்ல தேடினா "ஸ்ட்ரிக்ட் மோடை ஆஃப் பண்ணு"ன்னுதான் பாதிப் பேர் சொல்வாங்க. பண்ணாதீங்க. ஸ்மால்இன்ட் காலத்துல 70,000 போட்டா சத்தமில்லாம 32,767-னு வெட்டி வெச்சுக்கும். சம்பளக் கணக்குல அது வேணுமா? முதல்ல டேட்டாபேஸை டம்ப் எடுத்து, காப்பில சோதிச்சேன். காலியா வந்தா பிஎச்பியிலயே 0 ஆக்கினேன். குவெரியைப் பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்டா மாத்தினேன். பிழை வந்தா "சேவ் ஆகல"ன்னு சிவப்புல காட்டும்.

போன மூணு நாள் கணக்கு? அது டேட்டாபேஸுக்குள்ள போகவே இல்லையே, அங்க எப்படி மீட்கறது! டெய்லர்ங்க நோட்டையும் பண்டில் சீட்டையும் வெச்சு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏத்தினோம். அக்கா நோட்டுல ஒரு பீஸ்கூடத் தப்பில்லை. திங்கட்கிழமை காலைல மிச்சப் பணம் கைக்குப் போச்சு.