புது மேஜையும் பழைய வர்ணமும்

தச்சர் கையிலிருந்து நேற்று இறங்கிய மேஜை, நூறு வருஷம் ஒரு குடும்பத்துக்கு உழைத்து ஓய்ந்ததைப் போல விளிம்புகள் தேய்ந்து, மேல் வர்ணம் ஆங்காங்கே விலகி, அடி வர்ணமும் அதற்கும் அடியில் மரமும் தெரியும்படி இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது நம் நகரங்களிலும் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சான்டா மோனிகாவில் 1989-ஆம் ஆண்டு ரேச்சல் ஆஷ்வெல் என்ற பெண்மணி ‘ஷாபி ஷீக்’ என்ற பெயரில் ஒரு கடை திறந்து, வர்ணம் உதிர்ந்த பழைய மரச் சாமான்களை அந்த உதிர்வோடேயே விற்கத் தொடங்கினார். இன்றைய மோகத்துக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான். ஆனால் தேய்வை ரசிக்கும் மனோபாவம் அதைவிட மிகப் புராதனமானது.

ஜப்பானில் இன்று வாகயாமா எனப்படும் பிரதேசத்திலுள்ள நெகோரோ மடாலயத்துத் துறவிகள், தங்கள் அன்றாட உபயோகத்துக்கான மரக் கிண்ணங்களுக்கும் தட்டுகளுக்கும் சிறு பீடங்களுக்கும், ஒருவகை மரத்தின் பாலிலிருந்து எடுத்த மெருகைக் கறுப்பாக முதலிலும், அதன் மேல் சிவப்பாக மறுபடியும் பூசி வந்தார்கள் என்பது மரபு. வருஷக்கணக்காகக் கைபட்டுக் கைபட்டுச் சிவப்பு தேய்ந்து, அடியிலிருந்த கறுப்பு மேகத்திட்டுப் போல வெளிப்பட்டது. அந்தத் தோற்றமே அந்தச் சாமான்களின் விசேஷமாகி, ரசிகர்கள் அதைத் தேடி வாங்கத் தலைப்பட்டார்கள். 1585-இல் ஜப்பானியப் படைத்தலைவர் ஹிதேயோஷியின் படை அந்த மடாலயத்தைத் தீக்கிரையாக்கியது. பெயர் மட்டும் அழியவில்லை. பிற்காலத்துக் கைவினைஞர்கள் புதுச் சாமான்களுக்கு அதே இரண்டு நிறங்களைப் பூசி, மேற்பூச்சை வேண்டுமென்றே தேய்த்து, ‘நெகோரோ’ என்றே அழைத்தார்கள். ஆகவே இன்று ஒரு மேஜையை உப்புத்தாளால் தேய்த்து முதுமையாக்குகிறவர், தாம் அறியாமலே ஒரு நீண்ட பரம்பரையில் சேர்ந்துகொள்கிறார்.

இந்த வேலையில் பெரும்பாலோர் தோற்றுப்போவதற்குக் காரணம் கைத்திறன் குறைவு அன்று, கவனிப்புக் குறைவு. நம் கிராமத்துப் பழைய வீட்டுக் கதவு ஒன்றின் முன் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்குமாக அந்தக் கதவின் மேல் பச்சையும் நீலமும் மாறி மாறி ஏறியிருக்கும். நாதாங்கிச் சங்கிலி ஆடி ஆடி உரசிய இடத்தில் மட்டும் பிறை வடிவமாக ஒரு தழும்பு விழுந்து, அதில் வெளியிலிருந்து உள்ளே பச்சை, நீலம், செங்காவி, மரம் என்று வரிசையாகத் தெரியும். அதற்கு ஒரு சாண் தள்ளி, கை போகாத மூலையில், பூச்சு கட்டிதட்டிப் போய்த் தூசியையும் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். தேய்வுக்கு ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயத்தை மீறிய தேய்வு எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்யப்பட்டாலும் பொய்யாகவே தோன்றும். மேஜையில் முழங்கை படும் முன் விளிம்பு தேயும், சுவர்ப் பக்கத்து விளிம்பு தேயாது. இழுப்பறை இருந்தால் அதன் பிடியைச் சுற்றித் தேயும். கால்களின் அடி, தினசரி தரை துடைக்கும் ஈரத்தால் அரைச் சாண் உயரம் வரை வெளுக்கும். குறுக்குச் சட்டம் வைத்த மேஜையானால் அதன் மேல்புறம், உட்கார்ந்தவர்கள் பாதம் வைத்து வைத்து மரமே குழியும்படி தேயும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஒரு முற்பகலைக் கழிக்க முடிந்தவர்கள் இந்தப் பாடத்தைக் காசில்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

பழைய மேஜை ஒன்றையே வாங்கித் தேய்த்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சகஜம். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூள், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு, முக்கியமாக அவர்களுடைய மூளைக்கு, மெய்யான விஷம். வீட்டு உபயோக வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் பிறந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் தேய்க்க விரும்புகிறவர் புதிதாக ஒன்று செய்து தேய்ப்பதே உத்தமம்.

அப்படிச் செய்யும் மேஜைக்குத் தேக்கு வேண்டியதில்லை. தேக்கின் அழகு அதன் ரேகையில் இருக்க, அதை வர்ணத்துக்குள் புதைப்பது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். நன்றாக உலர்ந்த வேம்பு போதும். வெள்ளைப் பகுதியை ஒதுக்கிவிட்டு வைரம் பாய்ந்த பகுதியையே எடுத்தால் பூச்சியும் எளிதில் அணுகாது. நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், முப்பது அங்குல உயரம் என்ற கணக்கில், மூன்று அங்குலச் சதுரக் கால்களையும், நாலங்குல அகலத்தில் சுற்றுச் சட்டங்களையும் இழைப்புளியால் இழைத்து, மூலமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு, சட்டத்தின் நுனியை அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மெலிதாக்கி, காலில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு எடுத்த துளையில் இறுக நுழைத்துப் பசையிட வேண்டும். ஆணியை நம்பிச் சேர்த்த மேஜை ஒன்றிரண்டு வருஷத்தில் ஆடத் தொடங்கும்; அதன் பிறகு வர்ணம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு அசையாமல் இறுக்கிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. குறுக்கு வாக்கிலோ ஐப்பசி மழையில் உப்பிச் சித்திரை வெயிலில் சுருங்கும். இரண்டரை அடி அகலப் பலகை ஒன்றிரண்டு நூல் கூடிக் குறைவதற்கு இடம் விடாவிட்டால் அது நடுவில் வெடித்தே தீரும். சட்டத்தின் உட்புறம் ஒரு பள்ளம் இழுத்து, அதில் நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளைப் பொருத்தி, அவற்றைப் பலகையின் அடியில் திருகினால் பலகை தன் இஷ்டப்படி மூச்சுவிடும்.

இனி வர்ணம். தேய்த்த இடத்தில் வெளுத்த புது மரம் பல்லைக் காட்டினால் வேஷம் அங்கேயே கலைந்துவிடும். ஆகவே பூசுவதற்கு முன்பே மரத்துக்கு வயதேற்ற வேண்டும். கடுக்காயை நசுக்கிக் காய்ச்சிய கஷாயத்தை மரத்தில் தடவி உலரவிட்டு, அதன் மேல் இரும்பு ஆணிகள் சில நாள் ஊறிய காடியைத் தடவினால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கண்ணெதிரிலேயே மரம் சாம்பல் கலந்த கபில நிறமாகிறது. இது மேல்நாட்டு யுக்தி என்று எண்ண வேண்டாம். நம் கலம்காரிச் சித்திரத் துணிகளின் கறுப்பும், கடுக்காயில் நனைத்த துணியின் மேல் வெல்லமும் இரும்பும் ஊறிய நீர் படுவதால் பிறப்பதுதான்.

எனாமலின் பளபளப்பு பழமைக்கு முதல் சத்துரு. பழைய நாட்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே தயாரித்த பால் வர்ணம் இதற்கு மிகவும் பொருத்தமானது. கொழுப்பு நீக்கிய பாலைக் காடி விட்டுத் திரித்து, திரண்டதைக் கழுவிப் பிழிந்து, நீற்றிய சுண்ணாம்புக் குழம்போடு அரைத்தால் பாலின் புரதமும் சுண்ணாம்பும் இணைந்து நல்ல பிசினாகும். உலர்ந்தபின் தண்ணீரில் எளிதில் கரையாது, மினுமினுக்காது. நிறத்துக்குக் காவியும் மஞ்சள் மண்ணும் சேர்க்கலாம். பிரஷ்யன் நீலம் மட்டும் சுண்ணாம்பு பட்டால் கெட்டுப்போகும். அன்று கலந்ததை அன்றே பூசித் தீர்க்க வேண்டும், மறுநாள் நாறும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் ஜாக்கிரதையாக இருப்பதும் அவசியம். இந்தப் பிரயாசைக்கெல்லாம் அவகாசமில்லாதவர்கள் கடையில் கிடைக்கும் மங்கல் வர்ணத்தைக் கொண்டு திருப்தியடையலாம், பாதகமில்லை.

முதல் பூச்சு செங்காவியாக இருக்கட்டும். அது நன்றாக உலர்ந்தபின், தேய்வு விழ வேண்டிய இடங்களில் மட்டும், அதாவது முன் விளிம்பு, காலின் முனைகள், இழுப்பறைப் பிடியின் சுற்றுப்புறம் இவற்றில், சாதாரண மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, அதன் மேல் இளநீலமோ பச்சையோ பூச வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் இரண்டாம் பூச்சு பற்றுவதில்லை. ஒருநாள் கழித்து மொண்ணைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் ஏடு ஏடாகக் கழன்று, ஓரங்கள் ஒழுங்கற்று, இயல்பாகத் தேய்ந்தது போலவே அமையும். பிறகு மெல்லிய உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, கை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை. அநேகர் இங்கே ஆசை மிகுந்து, மேஜை முழுவதும் புள்ளி புள்ளியாகத் தேய்த்து, அம்மை வடு விழுந்த முகமாக்கிவிடுகிறார்கள்.

சங்கிலியால் அடித்துப் பள்ளம் விழச் செய்வதையும், துரப்பணத்தால் துளையிட்டு உளுத்த மரம் போலக் காட்டுவதையும் நான் சிலாகிப்பதில்லை. உளு மரத்துக்குள் வளைந்து நெளிந்து போகும். துரப்பணம் நேராகப் போகும். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக, தேன்மெழுகைக் கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் வந்தபின் டர்ப்பன்டைன் கலந்து, அந்தக் குழம்பில் சிறிது மண்நிறப் பொடி சேர்த்து மூலைமுடுக்குகளில் தடவித் துடைத்தால் பழைய அழுக்கின் சாயல் வரும். சாப்பாட்டு மேஜையானால் மேல்பலகைக்கு மெழுகு போதாது, சூடான பாத்திரம் வெள்ளை வட்டம் போடும். மங்கல் வார்னிஷ் பூசுவதே சரி. ஆளிவிதை எண்ணெய் உபயோகித்தவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றியது உண்டு.

இப்படி ஒரு மேஜை செய்து முடிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பலகையின் அடியில், வர்ணம் படாத இடத்தில், செய்த வருஷத்தை உளியால் தெளிவாகப் பொறித்து வையுங்கள். நாளை அது கைமாறும்போது, வாங்குகிறவர் எவரும் அதைப் பாட்டன் காலத்துச் சாமான் என்று நம்பிப் பணத்தை இழக்கலாகாது.