கராஜில் ஒரு கிளாசிக் – 7: பெட்டியைத் திறந்தாச்சு

போன வாரம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாகவே கிரேனில் தூக்கி வெளியே வைத்தோம். எம்.ஜி.பி. காரில் அதுதான் வழக்கமான வழி. கியர்பாக்ஸை மட்டும் கழற்றி அடிப்பக்கமாக இறக்க இடமில்லை. இந்த வாரம் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறக்கிறோம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், வண்டி ஓடியபோது என்ன சத்தம் கேட்டது என்பதைத் தாளில் எழுதிவையுங்கள். என் 1972 மாடல் ரோட்ஸ்டரில் முதல் மூன்று கியரிலும் ஊளைச் சத்தம். நான்காவது கியரில் மட்டும் நிசப்தம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கரக்' என்று பல் இடிக்கும். இந்த மூன்று குறிப்பும் எங்கே பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

காரணம் எளிது. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி முதலில் கீழே இருக்கும் லே ஷாஃப்ட் பல்சக்கரத் தொகுதிக்கு இறங்கி, அங்கிருந்து மேலே மெயின் ஷாஃப்டுக்கு ஏறுகிறது. நான்காவது கியரில் மட்டும் இந்தச் சுற்றுவழி இல்லை; நேராக முன்னிருந்து பின்னுக்குப் போய்விடும். அப்போதும் கீழ்த்தொகுதி சுழலும், ஆனால் அதன்மேல் பளு கிடையாது. ஆகவே நான்கில் அமைதி, மற்றவற்றில் ஊளை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு லே ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்குகளும்தான் குற்றவாளி. பல் இடிப்பதற்குக் காரணம், கியர் மாறும்போது வேகங்களைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருப்பது.

எம்.ஜி.பி. 1962-இல் வந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆரம்பகால வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. 1967 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் நான்கு கியருக்கும் வந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் உதிரிபாகங்கள் வேறு வேறு. வாங்கும் முன் உங்களுடையது எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆயிலை வடிக்கும்போதே பாத்திரத்தைக் கவனியுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறமாய் மினுக்கும் தூள் சிங்க்ரோ வளையத்திலிருந்து வந்தது. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் எஃகு. அதைக் கண்டால் உள்ளே வேலை பெரிது.

லே ஷாஃப்டைத் தட்டி வெளியே தள்ளியதும், அதன்மேல் இருந்த பல்சக்கரத் தொகுதி பெட்டியின் அடியில் இறங்கிவிடும். பயப்பட வேண்டாம், அப்படி இறங்கினால்தான் மற்ற ஷாஃப்டுகளை எடுக்க முடியும். இப்போது லே ஷாஃப்டைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். ஊசிகள் ஓடிய இடத்தில் நகம் எங்காவது தடுக்கினால் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது. அதன் மேற்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது. தோல் செதிலாக உரிய ஆரம்பித்தால் அந்தச் செதில்கள் ஆயிலோடு சுற்றி மற்ற பேரிங்குகளையும் தின்றுவிடும். புது ஷாஃப்ட் போடும்போது ஊசி பேரிங்குகளையும் புதிதாகவே போடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது சிங்க்ரோ. ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் முதலில் அதன் வேகத்துக்குக் கூடவே ஓடுவார், பிறகுதான் கால் வைப்பார். பித்தளை வளையம் செய்வதும் அதையேதான்: பல்சக்கரத்தின் கூம்பை உராய்ந்து பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கி, பிறகே பற்களைச் சேரவிடும். அதற்காக அதன் உட்புறத்தில் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். ஆயில் படலத்தை அறுத்துப் பிடிப்பைத் தருவது அவைதான். வளையத்தைக் கூம்பின்மேல் வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். கவ்விப் பிடித்தால் நல்லது, வழுக்கினால் போயிற்று. வளையத்துக்கும் பல்சக்கரப் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைய இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் அந்த வளையத்தால் இனி பயன் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முழு 'கிட்' வாங்கினோம் என்பதற்காக எல்லா வளையத்தையும் மாற்றாதீர்கள். இன்று கிடைக்கும் மறுதயாரிப்பு வளையங்களின் தரம் ஒரே சீராக இல்லை. பழையதையும் புதியதையும் ஒரே கூம்பில் மாறிமாறி வைத்துப் பார்த்து, நன்றாகக் கவ்வுவதையே போடுங்கள். பல சமயம் ஐம்பது வருடப் பழசுதான் ஜெயிக்கும்.

சிங்க்ரோ ஹப்பைக் கழற்றும்போது கட்டாயம் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூன்று குண்டுகள் இருக்கின்றன. உறை விலகிய கணத்தில் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விடும். திரும்பக் கோக்கும்போது ஒரு ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கிக் குண்டுகளை உள்ளே அமுக்கி, அதன்மேல் உறையைத் தள்ளினால் அழகாக உட்காரும்.

பெட்டியை மூடும் முன் அளக்க வேண்டிய முக்கியமான அளவு, லே ஷாஃப்ட் தொகுதியின் முன்பின் ஆட்டம். அது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு முதல் மூன்று பங்கு, அதாவது 0.05 முதல் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். த்ரஸ்ட் வாஷர்கள் வெவ்வேறு கனத்தில் கிடைக்கும். சரியானது கிடைக்கும்வரை மாற்றி மாற்றி அளக்கத்தான் வேண்டும். வாஷர்களைக் கிரீஸ் தடவி ஒட்டி, சற்றுக் குட்டையான ஒரு போலித் தண்டைச் செருகி, தொகுதியைப் பெட்டியின் அடியில் படுக்கவையுங்கள். மெயின் ஷாஃப்ட் ஏறிய பிறகு தொகுதியை மேலே தூக்கி, உண்மையான ஷாஃப்டை நுழைத்தால் போலித் தண்டு தானே வெளியே வந்துவிடும்.

மூடிய பிறகு, எஞ்சினோடு சேர்க்கும் முன்பே நான்கு கியரையும் ரிவர்ஸையும் கையால் போட்டுப் பாருங்கள். ஊற்ற வேண்டியது 20 டபிள்யூ 50 எஞ்சின் ஆயில்தான், சுமார் 3 லிட்டர். தயாரிப்பாளர்களே சொன்னது அது. சில கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கும்.

அடுத்த வாரம் கிளட்ச். பழைய தட்டு நன்றாகத் தெரிந்தாலும் இப்போதே புதிதாக வாங்கிவையுங்கள். இந்த வண்டியில் கிளட்சை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி எஞ்சினைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.