தாயக் கட்டத்தில் தகராறு! அஞ்சு விழுந்தால் மறு ஆட்டம் உண்டா?

கோவை பீளமேட்டில் ஒரு வீடு. வைகுண்ட ஏகாதசி இரவு. தூங்கக் கூடாது. தரையில் சாக்பீஸால் தாயக் கட்டம் போட்டாச்சு. பித்தளைக் கட்டை உருள்கிறது. பத்தே நிமிடத்தில் சண்டை!

"அஞ்சு விழுந்துச்சுங்க அத்தை. இன்னொருக்கா போடோணும்" என்கிறாள் தாராபுரத்து மருமகள்.

"எங்கூட்ல அப்படியெல்லாம் கெடையாது அம்மிணி" என்கிறார் மாமியார்.

யார் சொல்வது சரி? இருவருமே சரி! தாயத்துக்கு வீட்டுக்கு வீடு ஒரு சட்டம்.

ஆனால் விஷயம் சின்னதல்ல.

16-க்கு 6

கட்டைகள் 2. ஒவ்வொன்றிலும் 4 பக்கம்: வெறும் பக்கம், 1, 2, 3 புள்ளி. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம் என்கிற 1 விழ 2 வழி. 5 விழவும் 2 வழி. 6, 12 இரண்டுக்கும் தலா ஒரே வழி. (இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் 12. ஒன்றுமில்லாததற்குத்தான் மவுசு!)

இந்த நான்குக்கும் மறு ஆட்டம் என்றால் 16-க்கு 6 முறை கட்டை கையை விட்டுப் போகாது. 5-ஐ நீக்கினால் 4 முறைதான். 100 தடவை முறை வந்தால் மருமகள் சட்டப்படி சுமார் 160 வீச்சு. மாமியார் சட்டப்படி 133.

காய் இறங்கத் தாயம் விழ வேண்டும். அது 8-க்கு 1. அஞ்சுக்கும் இறக்கலாம் என்கிற வீடுகளில் 4-க்கு 1. ஒரு காய்கூட இறங்காமல் கொட்டாவி விடுகிறவரைக் கேளுங்கள், அருமை தெரியும்!

அமெரிக்காவிலும் இதே கதை

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று பாவித்துப் பகடை உருட்டுவார்கள்.

2014 பதிப்பின்படி ஒருவருக்கு அவர் முறையில் ஒரு பெரிய செயல். வாய்ப்பிருந்தால் கூடவே ஒரு சின்னச் செயல். மருந்து குடித்தால் பெரிய செயல் போச்சு. வாள் வீச முடியாது! "இதென்ன அநியாயம்?" என்று பலர் மருந்தைச் சின்னச் செயலாக்கித் தங்கள் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

2024-ல் வந்த புதிய புத்தகம் அதையே பொதுச் சட்டமாக்கிவிட்டது!

தாயத்துக்கு அப்படிப் புத்தகம் போடும் கம்பெனி ஏது? பீளமேட்டில் மாமனார்தான் நீதிபதி. "மொத ஆட்டம் அத்தை சட்டம், அடுத்தது மருமக சட்டம்" என்று தீர்ப்பு.

இரண்டாவது ஆட்டத்தில் மாமியாருக்கே அஞ்சு விழுந்தது.

"போடுங்க அத்தை, இன்னொருக்கா!"